ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

மதுரைக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். இவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். இரண்டும் மிஷன் கலாசாலைகளாதலின் நமக்கு இவர்பால் ஓர் உரிமை உண்டு.

கல்கத்தாவில் ஸர் சி. வி. இராமனுடன் இருந்து, 1928இல் புதுவகை ஒளிச்சிதறலைக் கண்டறியத் துணைநின்றார். 1930இல் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. இச்செய்தியோடு இவர் வரலாற்றை முடித்துவிடுவோர் பலர். அது இவர்க்கு நீதி செய்வதாகாது.

செம்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, கந்தகம் கடத்துவதில்லை. ஏன்? தனியணுவில் எலெக்ட்ரான்களுக்குக் குறித்த சக்திநிலைகள் உண்டு. எண்ணிறந்த அணுக்கள் படிகமாகச் சேருங்கால் அந்நிலைகள் பட்டைகளாக விரிகின்றன. அழகர் ஆற்றிலிறங்கும் நாளில் வைகை மணலில் நெருங்கி நிற்போர் அடிபெயர்க்க இயலாதவாறுபோல, நிரம்பிய பட்டையில் மின்னோட்டம் நிகழாது. பாதி நிரம்பியதில் எளிதாக நிகழும், செம்பு அத்தகையது. நிரம்பிய பட்டைக்கும் மேலுள்ள வெறும் பட்டைக்கும் இடைவெளி சிறிதாயின், சூட்டினால் சில எலெக்ட்ரான்கள் மேலே தாவும். சிலிக்கன் முதலிய குறைகடத்திகள் சூடேறுங்கால் நன்கு கடத்துவது இதனாலேயாம். உலோகத்திலோ சூடேறத் தடை மிகும். அதிரும் அணுக்கள் எலெக்ட்ரான் அலைகளைச் சிதறடிக்கின்றன.

இத்துறையில் கிருஷ்ணன் செய்தவை இரண்டு. பென்சிலில் உள்ள கிராபைட் படிகத்தை கங்குலி என்பாருடன் ஆராய்ந்தார். அதன் தாள்போன்ற அடுக்குகளின் வழியே மின்சாரம் எளிதாகவும், அடுக்குகளைக் கடந்து மிக அரிதாகவும் செல்வதை 1939இல் வெளியிட்டார். கரியணு ஒன்றுக்கு ஓர் எலெக்ட்ரான் வீதம் அடுக்கினுள்ளேயே உலவுகின்றது என்பது இவர்கள் முடிபு.

மற்றொன்று அலகாபாத் சர்வகலாசாலையில் நிகழ்ந்தது. உலோகம் உருகியவுடன் அதன் மின்தடை பெரும்பாலும் ஏறத்தாழ இருமடங்காகும். ஒழுங்கான படிகத்தில் தடையின்றிச் செல்லும் எலெக்ட்ரான் அலை, ஒழுங்கு குலைந்த திரவத்தில் சிதறும். அத்திரவம் எக்ஸ் கதிர்களைச் சிதறடிக்கும் அளவைக் கொண்டே மின்தடையைக் கணக்கிடலாம் என்று, மாணாக்கர் பாட்டியாவுடன் 1945இல் காட்டினார். என் மதிப்பில் இதுவே இவருடைய நுண்மதிக்குச் சிறந்த சான்று. ஆயினும் இது அதிகம் பேசப்படவில்லை.

1940இல் ராயல் சொஸைட்டி உறுப்பினரானார். 1946இல் ஸர் பட்டம் பெற்றார். 1947இல் தில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். திரவ உலோகங்களைப் பற்றிய அக்கருத்தை ஜான் ஸைமன் என்னும் அறிஞர் விரிவாக நிறுவி வெளியிட்டது 1961இல். அவ்வாண்டு ஜூன் 14ஆம் நாள் கிருஷ்ணன் தில்லியில் காலமானார்.