முப்பது அங்குலக் கப்பல்

சென்ற வருட விஞ்ஞான தினக் கண்காட்சிக்காக நான் செய்த நீர்மூழ்கி ஒழுங்காக மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை. மூக்கைக் கீழே குத்தி வாலை மேலே தூக்கியபடி தொட்டிக்குள் நின்றது. ஒன்றரை அடி நீளப் பீவீசி குழாய், இரு பக்கமும் மூடி, பாரத்துக்கு இரும்பு நட்டுகள், தம்பியின் உடைந்த விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய மோட்டர், நடுவே தண்ணீர் ஏற்றி இறக்க ஓர் அறை, அதற்குக் காற்று ஊத ஒரு சேலைன் குழாய். மூன்று கிழமை வேலை. பார்க்க வந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் அது தொழுகையில் ஸுஜூது செய்கிறது என்று சொல்லிச் சிரித்தார்கள். பௌதிகவியல் டீச்சர் சிரிக்கவில்லை. ஏன் அப்படி நிற்கிறது என்று கண்டுபிடித்து எழுதி வரச் சொன்னார்.

அதைத் தேடிப் போன இடத்தில்தான் ஜோன் பிலிப் ஹொலன்டைச் சந்தித்தேன். நவீன நீர்மூழ்கிக் கப்பலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். எனக்கு அவர் முதலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியராகத்தான் தெரிந்தார்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளெயார் மாவட்டத்தில் லிஸ்கனோர் என்று ஒரு கடலோரக் கிராமம். 1841இல் அங்கே பிறந்தார். வாப்பா கரையோரக் காவல் சேவையில் வேலை செய்தவர். உம்மா ஐரிஷ் மொழி பேசுபவர். ஆங்கிலத்தை மகன் பள்ளிக்கூடத்தில்தான் சரியாகப் படித்தார். அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அந்த நாட்டைப் பெரும் பஞ்சம் பிடித்தது. பசியும் நோயும் தின்ற தெருக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஆண்டுகொண்டிருந்த பிரித்தானியாவின் மேல் கோபத்தோடு வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. கடலோடியாக ஆசைப்பட்டார். கண்பார்வை குறைவு என்பதால் அது முடியவில்லை. கிறிஸ்தவ சகோதரர் சபையில் சேர்ந்து ஆசிரியரானார்.

1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மொனிற்றர், மெரிமாக் என்ற இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மணிக்கணக்காகச் சுட்டும் ஒன்றை ஒன்று வெல்ல முடியாமல் பிரிந்தன. இந்தச் செய்தியை உலகமே வாசித்தது. இனி மேலே இருந்து அடித்துப் பயனில்லை, கீழே இருந்துதான் போக வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களில் இந்த இருபத்தொரு வயது வாத்தியாரும் ஒருவர். பொறியியல் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. வகுப்பு முடிந்த பிறகு வரைந்தார், அழித்தார், மீண்டும் வரைந்தார்.

உடல்நலம் குன்றியதால் 1873இல் சபையை விட்டு அமெரிக்கா போனார். பொஸ்டன் தெருவில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில் பழைய வரைபடங்களை மறுபடி எடுத்துத் திருத்தினார். பிறகு நியூ ஜேர்சியில் பற்றர்சன் நகரில் மறுபடியும் ஆசிரியர் வேலை. 1875இல் திட்டத்தை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். இப்படிப்பட்ட ஒன்றுக்குள் ஏறி எவனும் தண்ணீருக்கடியில் போக மாட்டான் என்று காரணம் சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

காசு வேறு பக்கத்திலிருந்து வந்தது. அயர்லாந்தின் விடுதலைக்காக அமெரிக்காவில் இயங்கிய பீனியன்கள் என்ற இரகசிய அமைப்புக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் சொந்தச் சகோதரர். பிரித்தானியக் கப்பல்களைக் கவிழ்க்க ஒரு கருவி அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆனால் காகிதத்தைப் பார்த்துக் காசு தர யார் இருக்கிறார்கள்? ஆகவே ஹொலன்ட் ஒரு மாதிரி செய்தார். நீளம் முப்பது அங்குலம். உள்ளே மணிக்கூட்டில் இருப்பது போல முறுக்கிவிடும் சுருளிவில், பின்னால் அது சுழற்றும் விசிறி. 1876இல் நியூயோர்க் அருகே கோனி தீவுக் கடலில் அதை விட்டுக் காட்டினார். ஒரு சிறுவனின் விளையாட்டுச் சாமான் அளவுள்ள அந்தச் சாமான் கடலுக்குள் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தபின்தான் அவர்கள் பையைத் திறந்தார்கள். வீட்டு வேலைக்காரிகளும் கூலிகளும் சேர்த்த சில்லறையும் அந்தப் பையில் இருந்தது.

அந்தக் காசில் 14 அடிப் படகு ஒன்று 1878இல் பசேய்க் ஆற்றில் இறக்கப்பட்டது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, முதல் நாளே அது மூழ்கிப் போனது. இதை வாசித்தபோது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். கயிறு கட்டி இழுத்தெடுத்தார். அடுத்து இயந்திரம் இயங்க மறுத்தது. பக்கத்தில் ஒரு நீராவிப் படகை ஓட்டி, அதிலிருந்து ஒரு குழாய் வழியாக நீராவியை உள்ளே எடுத்து ஓட்டினார். தானே தனியாக உள்ளே உட்கார்ந்து தண்ணீருக்கடியில் போய் வந்தார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு முன்பிருந்த பலர், கப்பலின் நிறையும் மேலுதைப்பும் சமமாகும் வரை தண்ணீர் ஏற்றி, அப்படியே கல் போல இறங்கப் பார்த்தார்கள். அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும். ஓடினால் புவியீர்ப்பு மையமும் கூடவே ஓடும். முன்பக்கம் ஓடினால் மூக்குக் குத்தும். என் அறையில் நடந்ததும் இதேதான். ஹொலன்ட் தாங்கிகளை முழுதாக நிரப்பினார். உள்ளே ஆட இடம் இருந்தால்தானே தண்ணீர் ஆடும்? அப்படி நிரப்பிய பிறகும் கப்பல் மிகச் சிறிதளவு மிதக்கும்படி வைத்துக்கொண்டார். கீழே போவது பாரத்தால் அல்ல, ஓட்டத்தால். பின்பக்கச் செட்டையைச் சரித்து, டொல்பின் பாய்வது போல முன்னோக்கிச் சரிந்து இறங்கும். இயந்திரம் நின்றுவிட்டால் தானாகவே மேலே வரும். உள்ளே இருக்கும் மனிதனை நினைத்துச் செய்த கணக்கு இது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்.

இந்தக் கணக்கில் எழுந்த 31 அடிக் கப்பல் 1881இல் தண்ணீரில் இறங்கியது. மூன்று பேர் போகலாம். பீனியன் ராம் என்று பெயர். அதைத் திருத்துவதற்காக அதே கப்பலின் சிறிய வடிவமாக 16 அடியில் இன்னொன்றும் செய்தார். இதற்குள் அமைப்புக்குள் காசுச் சண்டை. 1883 நவம்பர் இரவொன்றில் அவர்களில் சிலர் ஹொலன்டின் கையெழுத்தைப் பொய்யாகப் போட்டு இரண்டு கப்பல்களையும் இழுத்துச் சென்றார்கள். சின்னக் கப்பலின் மூடியைச் சரியாகப் பூட்டவில்லை. கிழக்கு ஆற்றில் தண்ணீர் புகுந்து கயிறு அறுந்து அடியில் போய்விட்டது. பெரியதை ஓட்டத் தெரியாமல் ஒரு கொட்டகையில் போட்டார்கள். ஹொலன்ட் அதன் பிறகு அவர்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை. எதிரி திருடினால் தாங்கலாம். இது கூட இருந்தவர்கள்.

பிறகு நீண்ட வறட்சி. 1895இல் கடற்படை ஒருவழியாக ஒரு கப்பல் கேட்டது. ஆனால் நீராவி இயந்திரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. கொதிகலன் அறையின் சூட்டில் மனிதர் நிற்க முடியவில்லை. அது உருப்படாது என்று கண்டு, கம்பனியின் சொந்தச் செலவில் தன் மனதுக்குப் பிடித்தபடி இன்னொன்று கட்டினார். ஏறக்குறைய 54 அடி. மேலே ஓடப் பெற்றோல் இயந்திரம், கீழே ஓடப் பற்றரியும் மின்மோட்டரும். 1897 மே மாதம் இறக்கினார்கள். ஒக்டோபரில் ஒரு தொழிலாளி வால்வு ஒன்றைத் திறந்தபடி விட்டுப் போக, துறையிலேயே மூழ்கிப் பதினெட்டு மணி நேரம் கிடந்தது. நனைந்த மோட்டர்களைக் கழற்றாமல், மின்னோட்டத்தை எதிர்த்திசையில் விட்டு அந்தச் சூட்டிலேயே உலர்த்தி எடுத்தார்கள். 1898 மார்ச் 17இல் நன்றாக மூழ்கி எழுந்தது. 1900 ஏப்ரல் 11இல் கடற்படை அதை 150,000 டொலருக்கு வாங்கியது. கட்டிய செலவு அதைவிட அதிகம்.

அடுத்த வருடம் பிரித்தானியக் கடற்படையும் தன் முதலாவது நீர்மூழ்கியை இறக்கியது. அதன் பெயர் ஹொலன்ட் 1. யாருக்கு எதிராகச் சிறுவயதில் வரைய ஆரம்பித்தாரோ அவர்களுக்கே கம்பனி வரைபடத்தை விற்றிருந்தது. காப்புரிமைகளும் கம்பனி கையில். 1904இல் அவர் வெளியேறினார். புதிதாகத் தொடங்கப் பார்த்தபோது அதே கம்பனி வழக்குப் போட்டது.

1914 ஓகஸ்ட் 12இல் நியூ ஜேர்சியில் இறந்தார். உலகப் போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. செப்டெம்பர் 22இல் ஒரே ஒரு ஜேர்மன் நீர்மூழ்கி, ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று பிரித்தானியக் கப்பல்களைக் கவிழ்த்தது. 1,400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கப்பல்களில் பதினைந்து வயதுப் பயிற்சி மாணவர்களும் இருந்தார்கள். அது ஹொலன்ட் கட்டிய கப்பல் அல்ல. ஆனாலும் இந்தப் பக்கத்தை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உள்ளே இருப்பவன் மேலே வர வேண்டும் என்று அவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டவர், மேலே இருப்பவனை எந்தக் கணக்கில் சேர்த்தார்? டீச்சரிடம் கேட்டேன். அதையும் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.

பசேய்க் ஆற்றில் விட்ட அந்த முதலாவது படகை, வேலை முடிந்ததும் தேவையான பாகங்களைக் கழற்றிக்கொண்டு ஆற்றிலேயே தாழ்த்திவிட்டிருந்தார். 1927இல் ஊர் இளைஞர்கள் சிலர் சேற்றிலிருந்து அதைத் தூக்கினார்கள். பீனியன் ராமும் அதுவும் இப்போது பற்றர்சன் நூதனசாலையில் இருக்கின்றன.

என்னுடையது கிணற்றடியில் இருக்கிறது. அறையை மூன்றாகத் தடுத்திருக்கிறேன். பின்னால் ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் வெட்டிய இரண்டு செட்டைகள். தொட்டியில் உம்மா திரைச்சீலை ஊற வைத்திருப்பதால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறோம், நானும் தம்பியும்.