உண்ணியை ஆராய்ந்த ரிக்கெட்ஸ்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. கலங்கரை விளக்கத்தால் அவ்வூர் இப்பெயர் பெற்றது. நண்பகலில் அங்குச் செல்வோர், கரையேற்றிய படகுகளின் நிழலில் நாய்கள் படுத்திருப்பதையும், அவற்றின் செவிமடல்களில் பருப்பளவில் உண்ணிகள் ஒட்டிக் கிடப்பதையும் காணலாம். நாயிடத்து அன்புடைய சிறுவர் அவ்வுண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நகங்களுக்கிடையே வைத்து நசுக்குவர். இரக்கத்தால் செய்யும் செயலே எனினும், அது ஏதம் விளைப்பதாகும். அவ்வேதம் இன்னதென்று ஐயமற நாட்டியவருள் தலைசிறந்தவர் ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் ஆவார்.

ரிக்கெட்ஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள், ஒஹையோ மாநிலத்து ஃபின்ட்லே என்னும் ஊரில் பிறந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின்னர் மருத்துவம் பயில விரும்பினார். ஆயின் 1893ஆம் ஆண்டு அமெரிக்காவைத் தாக்கிய பொருள் நெருக்கடியால் அவர் குடும்பத்தின் செல்வம் கரைந்தது. எனவே, உழைத்துப் பொருளீட்டிக்கொண்டே படிக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. அவர் மனந்தளராது பயின்று, 1897ஆம் ஆண்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1902ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நோயியல் ஆசிரியராக அமர்ந்தார்.

ஆராய்ச்சியில் அவருக்கிருந்த வேட்கை அளவு கடந்தது. தோல் நோய் ஒன்றை ஆராய்ந்த காலத்தில், நோய்க் கிருமியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டு விளைவை நோக்கியவர் அவர். இத்துணிவை நாம் முற்றும் புகழ்வதற்கில்லை. எனினும், தமக்கு வரும் துன்பத்தைப் பொருட்படுத்தாத இவ்வியல்பே அவர் வாழ்வையும் முடிவையும் வகுத்தது என்பதை நினைவில் இருத்துதல் வேண்டும்.

அந்நாளில் மான்டானா மாநிலத்தில் பிட்டர்ரூட் என்னும் பள்ளத்தாக்கை ஒரு கொடிய காய்ச்சல் வாட்டி வந்தது. மலைமேற் பனி உருகும் இளவேனிற் காலத்தில் அது தோன்றும். முதலில் தலைவலியும் கடுங்குளிரும் காணும். சில நாளில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் செம்புள்ளிகள் எழுந்து உடலெங்கும் பரவும். இது பற்றியே அதனைப் புள்ளிக் காய்ச்சல் என்றனர். பிற இடங்களில் அந்நோய் அத்துணைக் கொடிதன்று. பிட்டர்ரூட்டிலோ நோயுற்ற பதின்மரில் எழுவர் எண்மர் மாண்டனர். பனியுருகி வரும் நீரைப் பருகுவதே நோய்க்குக் காரணம் என்று அவ்வூரார் பலர் நம்பினர். 1902ஆம் ஆண்டில் வில்சன், சௌனிங் என்னும் இருவர் உண்ணியே காரணமாகலாம் என்று கூறினர். அதனை மறுத்துரைத்த அறிஞரும் உளர். இவ்வழக்கைத் தீர்க்கும் சான்று எவரிடமும் இல்லை.

1906ஆம் ஆண்டு இளவேனிலில் ரிக்கெட்ஸ் அங்குச் சென்றார். அவர் செய்த சோதனை மிக எளியது; ஆனால் எதிர்வாதத்திற்கு இடந்தராதது. நோயாளியின் குருதியைச் சீமைப்பெருச்சாளி எனப்படும் கினிப்பன்றியின் உடலிற் செலுத்தி, அதற்கு அந்நோயை வருவித்தார். பின்பு ஓர் உண்ணியை அவ்விலங்கின்மீது விட்டுக் குருதி குடிக்கச் செய்தார். அதே உண்ணியை எடுத்து நலமாயிருந்த வேறொரு கினிப்பன்றியின்மேல் விட்டார். சில நாளில் அதுவும் அந்நோயால் வருந்தியது. நீரும் காற்றும் உணவும் அந்நோய்க்குக் காரணமல்ல, உண்ணியே தூதன் என்பது இவ்வாறு புலனாயிற்று. அவர் இத்துடன் நின்றாரல்லர். காட்டில் இயல்பாய்த் திரியும் உண்ணிகளைத் திரட்டிச் சோதித்து, அவற்றுட் சில நோயைச் சுமந்திருப்பதையும் கண்டார். தாயுண்ணியினின்று முட்டைக்கும், முட்டையினின்று குஞ்சிற்கும் அந்நோய் வழிவழியாகச் செல்லும் என்பதையும் மெய்ப்பித்தார்.

ஈண்டு உண்ணியின் இயல்பைச் சிறிது காண்போம். உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவானது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள் உண்டு. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுக்கு ஆறே. பேன் போல மயிரைப் பற்றி ஊர்வதோடு அமையாது, முட்போன்ற பற்களமைந்த வாயைத் தோலுட் செலுத்தி நாட்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். நம் நாட்டில் நாம் நாளும் காண்பவை இரண்டு. செம்பழுப்பு நிறமுடையது நாயுண்ணி. அது நாயின் செவியிலும் கால்விரல் இடுக்கிலும் தங்கும். சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும். இந்தியாவில் காணப்படும் உண்ணிக் காய்ச்சல் ஒன்றைப் பரப்புவது இதுவே. மாட்டுண்ணி, குருதி குடித்து முதிர்ந்தபின் சாம்பல் நிறங்கொண்டு வித்துப்போல் திரண்டு, மடியிலும் அலைதாடியிலும் வாலடியிலும் தொங்கும். அது பரப்பும் நோயால் மாட்டின் சிறுநீர் சிவந்து கழியும். மூன்றாவதாகிய காட்டுண்ணி மிகச் சிறியது. 1957ஆம் ஆண்டில் மைசூர் நாட்டுச் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகளும் மக்களும் மடியக் காரணமாயிருந்த நோயை அது பரப்பியது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று பலரும் கூறும் பிறிதொரு காய்ச்சலைப் பரப்புவதோ உண்ணியன்று. புதர்களில் வாழும் அதன் உறவாகிய சிற்றுயிரின் குஞ்சே. பெயர் வழங்கிவிட்டமையால் இனி மாற்றுதல் அரிது.

உடலில் ஒட்டிய உண்ணியை விரலால் நசுக்குவதும், நெருப்பாற் சுடுவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தகா. நுனி கூரிய இடுக்கியால் தோலையொட்டி அதன் வாய்ப்பகுதியைப் பற்றி, முறுக்காமல் நேரே இழுத்தெடுத்துப் பின் சோப்பிட்டுக் கழுவுதலே முறை. சில நாளில் காய்ச்சல் காணின் மருத்துவரிடம் உண்ணி கடித்த செய்தியைத் தவறாது கூறுதல் வேண்டும்.

ரிக்கெட்ஸின் ஆராய்ச்சியில் ஒரு குறை எஞ்சியிருந்தது. 1909ஆம் ஆண்டளவில், நோயாளியின் குருதியிலும் உண்ணியின் முட்டையிலும் மிக நுண்ணிய உருக்களை அவர் நுண்ணோக்கியிற் கண்டார். ஆயின் ஏனைக் கிருமிகளைப் போல் அவற்றைச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காட்ட இயலவில்லை. உயிருள்ள அணுக்களுக்குள்ளன்றி வேறெங்கும் வளராதவை அவை என்பது பின்னரே தெரிந்தது. பிறராயின் கண்டதும் பெயரிட்டுப் புகழ் நாடியிருப்பர். முற்றும் நிறுவப்படாத ஒன்றுக்கு அவர் பெயரிடத் துணியவில்லை.

அக்காலத்தில் மான்டானாவில் ஆராய்ச்சிக்குரிய பொருள் வந்து சேரத் தாழ்த்தது. இந்நிலையில், மெக்சிகோ நகரில் டைஃபசு என்னும் காய்ச்சல் பலரைக் கொள்ளைகொள்ளக் கேட்டு, 1909ஆம் ஆண்டின் இறுதியில் ரஸ்ஸல் வைல்டர் என்னும் மாணவருடன் அங்குச் சென்றார். அந்நோய் புள்ளிக் காய்ச்சலை ஒத்திருந்தமையே அவரை ஈர்த்தது. அதனைப் பரப்புவது மனிதர் ஆடையில் வாழும் பேன் என்று அவர்கள் கண்டனர். அதே உண்மையைத் துனிசு நகரில் சார்லஸ் நிக்கோல் என்பவர் 1909ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். நோயாளிகளிடையேயும் பேன்களிடையேயும் இரவுபகலாய் உழைத்த ரிக்கெட்ஸை அந்நோயே பற்றியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி அளித்திருந்தது. அதனை ஏற்கும் நாள் வருமுன்னரே, 1910ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாள் மெக்சிகோ நகரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 39.

1915ஆம் ஆண்டில் புரொவாசெக் என்னும் அறிஞரும் டைஃபசு ஆராய்ச்சியிலேயே உயிரிழந்தார். 1916ஆம் ஆண்டில் ரோச்சா லிமா என்னும் பிரேசில் நாட்டறிஞர், டைஃபசின் நுண்ணுயிருக்கு இவ்விருவர் நினைவாக ரிக்கெட்சியா புரொவாசெக்கி என்று பெயரிட்டார். 1940களின் இறுதியில் தக்க மருந்துகள் வந்தன. அதுமுதல் புள்ளிக் காய்ச்சல், விரைவில் அறியப்படின், தீரும் நோயாயிற்று. பிட்டர்ரூட்டில் ரிக்கெட்ஸ் கண்டும் பெயரிடாது விட்ட அந்நுண்ணுயிர் இன்று ரிக்கெட்சியா ரிக்கெட்சி எனப்படுகிறது. நம் நாட்டு நாயுண்ணி சுமந்து வரும் நுண்ணுயிரின் பெயர் ரிக்கெட்சியா கொனோரி.