வேரைத் தோண்டிப் பார்த்த வக்கீல்

நட்ட மறுநாள் நாற்று தலை தொங்கிக் கிடப்பதைப் பார்த்துக் கலங்காத விவசாயி இல்லை. அது பிழைப்பதும் கருகுவதும் எதைப் பொறுத்தது? 300 ஆண்டுகளுக்கு முன்பே இதற்குத் தோண்டிப் பார்த்து விடை கண்டவர், பிரான்ஸ் நாட்டின் ழான் பாப்டிஸ்ட் த லா கான்தினி.

1626-ல் பிறந்த இவர் சட்டம் படித்தவர். பாரிஸில் ஒரு செல்வந்தர் வீட்டுப் பையனுக்கு ஆசிரியராக அமர்ந்தார். அவனுடன் இத்தாலி சென்றபோது தோட்டக்கலையில் மனம் பதிந்தது. திரும்பியதும் வக்கீல் தொழிலை விட்டார். பையனின் தந்தை தன் தோட்டத்தையே இவரிடம் ஒப்படைத்தார்.

ஒரே வகை மரக்கன்றுகளை ஒரே சமயத்தில் நட்டு, அவ்வப்போது ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பழைய சல்லிவேர்கள் காய்ந்திருந்தன. நட்ட பிறகு விட்ட புது வேர்களே கன்றைக் காப்பாற்றின.

1670-ல் பதினான்காம் லூயி மன்னர் தம் காய்கனித் தோட்டங்களை இவர் பொறுப்பில் விட்டார். வெர்சாய் அரண்மனைக்காக 1678-ல் கிடைத்த இடமோ சதுப்பு நிலம். வடிகால் அமைத்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி, 1683-க்குள் சுமார் 22 ஏக்கர் தோட்டமாக்கினார். புதுச் சாணத்தின் சூட்டிலும் கண்ணாடி மூடிகளுக்கு அடியிலும் வளர்த்து, கடுங்குளிர் ஜனவரியிலேயே லெட்டூஸ் கீரையை மன்னருக்குக் கொடுத்தார். 1688-ல் மறைந்தார். அவர் எழுதிய நூலை 1690-ல் மகன் வெளியிட்டார்.

அவர் கண்டது இன்று நீலகிரியில் லெட்டூஸ் நடுபவருக்கும் பொருந்தும். பிடுங்கும்போது நுண்வேர்கள் அறுபடுகின்றன; இலையோ நீரை இழந்துகொண்டே இருக்கிறது. புது வேர் விடும்வரைதான் ஆபத்து. எனவே முற்றிய நாற்று வேண்டாம். நான்கைந்து இலை விட்ட இளம் நாற்றே நல்லது. பிடுங்கும் முன் நாற்றங்காலை நனையுங்கள். மாலையில் நடுங்கள். குருத்து மண்ணில் புதையக் கூடாது. நட்டவுடன் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் அவசியம். குழித்தட்டு நாற்றானால் வேர்க்கட்டி உடையாமல் எடுங்கள்.

ஒன்றில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம். மரக்கன்றின் சல்லிவேர்களை வெட்டிவிட்டு நடச் சொன்னார் அவர். கீரை நாற்றுக்கு அது ஆகாது. இருக்கும் வேரை மண்ணோடு காப்பதே பிழைக்கும் வழி.