நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன்

நம்ம பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பரீட்சைக்கு வராது என்று அதைத் தாண்டிப் போய்விடுவோம். ப்ராஜக்ட் என்று வந்துவிட்டால் அந்தப் பட்டியல்தான் கை கொடுக்கும். அதில் சொன்ன புத்தகத்தை, லட்சம் புத்தகங்களுக்கு நடுவே, யாருடைய சிபாரிசும் இல்லாத ஒரு மாணவன் தானே போய் எடுக்க முடிய வேண்டும். அதற்காகத் தன் ஆயுளையே கொடுத்தவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன்.

1892-ல் தஞ்சை ஜில்லா சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். திக்குவாய்த் தொல்லையும் இருந்தது. இருந்தும் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. முடித்து ஆசிரியரானார். மங்களூரிலும் நம்ம கோயமுத்தூரிலும் அரசுக் கல்லூரிகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார்.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் நூலகர் தேவைப்பட்டார். நூலக வேலை பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம், நேர்முகத்துக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் தேடிப் படித்த ஒரு கட்டுரைதான்! வேலை கிடைத்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் சலித்துப் போய், பழைய வாத்தியார் வேலைக்கே திரும்பி விடுகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்து வாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். உழைக்கும் ஜனங்களும் குழந்தைகளும் சகஜமாக வந்து படிப்பதைக் கண்டதும் அவர் மனசு மாறியது. கணக்கு வாத்தியார் கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது. ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு மாதிரி புத்தகங்களைப் பிரித்து வைத்திருந்தது.

லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மை பார்த்தாராம். கொஞ்சம் பட்டை, கொஞ்சம் நட்டு போல்ட்டு. அதை வைத்தே கிரேனும் செய்யலாம், வண்டியும் செய்யலாம். நம்ம ஒர்க் ஷாப் சமாச்சாரம்தான்! பாடங்களையும் இப்படிக் கோர்க்கலாமே என்று தோன்றியது. அதுதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. ஒரு விஷயத்தை ஐந்து கோணத்தில் பார்க்க வேண்டும் என்றார்: மையப் பொருள், அது எதனால் ஆனது, அதில் நடக்கும் வேலை, இடம், காலம். தேடுகிற நமக்கும் இது உதவும். மில் என்று பொத்தாம்பொதுவாகத் தேடினால் தலை சுற்றும். பருத்தி, நூற்பு, இயந்திரப் பராமரிப்பு, கோவை, 1950-க்குப் பிறகு என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்று கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இருப்பது டூயி முறை எண். அதில் 621 என்றால் இயந்திரவியல் பக்கம், 677 என்றால் ஜவுளி. புத்தக முதுகில் ஒட்டிய எண் அதன் வீட்டு முகவரி. அதேபோல் கட்டுரைப் பட்டியலில் 12(3) 45 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். தொகுதி 12, மூன்றாவது இதழ், 45-ஆம் பக்கம். மேற்படி என்று இருந்தால் முந்தின குறிப்பில் சொன்ன அதே புத்தகம். அவ்வளவுதான்!

ஊர் திரும்பிய ரங்கநாதன் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். தேடித் தர, விளக்கிச் சொல்ல ஆள் வைத்தார். 1931-ல் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த. ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது. இதுதான் அவற்றின் சாரம். இன்றும் சில இடங்களில் புத்தகங்கள் பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகத் தரிசனம் தருவதைப் பார்க்கும்போது, அந்த முதல் விதியே இன்னும் பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அவர் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு சேர்த்துச் சிறு தொகை நூலகத்துக்குப் போகிறது. ஆக, எங்க அப்பா போன்ற விசைத்தறித் தொழிலாளி கட்டும் வரியிலும் ஒரு பங்கு புத்தகமாகிறது. காசி, டெல்லி பல்கலைக்கழகங்களிலும் உழைத்தார். 1957-ல் பத்மஸ்ரீ பெற்றார். தன் சேமிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் துணைவியார் சாரதா பெயரில் நூலக இயலுக்கே கொடுத்தார். 1972-ல் பெங்களூரில் மறைந்தார்.

எங்க வீட்டில் நான் வரும் வரை புத்தகம் என்றால் ரேஷன் கார்டும் பாங்க் பாஸ்புக்கும்தான். எதைப் படிக்கலாம் என்று கேட்க அண்ணனோ அக்காவோ படித்தவர்கள் இல்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே வழி சொல்ல ஆள் உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஆள் ரங்கநாதன்தான். நூலகரிடம் போய்க் கேட்பது தொந்தரவு அல்ல, அது நம் உரிமை. சொல்வது அவர் கடமை. இதை அன்றே எழுதி வைத்தவர் அவர்.

எனவே நண்பர்களே, கூச்சப்படாமல் உள்ளே போவோம். பட்டியலைப் படிப்போம், எண்ணைக் குறிப்போம், தெரியாததைக் கேட்போம். எடுத்த புத்தகத்தை நாள் தவறாமல் திருப்பியும் கொடுப்போம். அடுத்து தேடி வருபவரும் நம்மைப் போல ஒருவர்தானே!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை