தொப்பி ஊசியால் காரைக் கிளப்பிய தாய்

ஸ்ரீபெரும்புதூர் சாலையில் "பாரத் பென்ஸ்" லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். 2012-ம் ஆண்டு முதல் அவை ஒரகடத்தில் தயாராகின்றன. "பென்ஸ்" என்ற அந்தப் பெயரை உலகம் அறியச் செய்தவர் ஒரு பெண்மணி!

அவர் பெயர் பெர்த்தா. ஜெர்மனியில் போர்ஸ்ஹைம் என்ற ஊரில் 1849-ம் ஆண்டு பிறந்தார். கார்ல் பென்ஸ் என்ற என்ஜினீயருக்கும் அவருக்கும் நிச்சயமானது. கார்லின் பட்டறை கடனில் தத்தளித்தது. பெர்த்தா தம் சீதனப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்து, அதைக் காப்பாற்றினார். 1872-ல் திருமணம் நடந்தது.

வாங்க ஆள் இல்லை

1886-ல் கார்ல் மோட்டார் காருக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், வாங்க ஆள் வரவில்லை. போட்ட பணம் முடங்கியது. கணவர் மனம் சோர்ந்தார்.

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஒரு நாள் அதிகாலை, கணவரிடம் சொல்லாமல், 15 வயது மகனையும் 13 வயது மகனையும் அழைத்துக்கொண்டு காரில் கிளம்பினார் பெர்த்தா. மான்ஹைமிலிருந்து தாய் வீட்டுக்குச் சுமார் 105 கிலோ மீட்டர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேலூர் போகிற தூரம்!

வழியில் தொல்லை

என்ஜின் கொதித்தது. தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. வழி நெடுகத் தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள். பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் குத்தி, அடைப்பை எடுத்தார். மின்சாரக் கம்பி தேய்ந்து பொறி கெட்டது. காலுறைப் பட்டையைக் கழற்றிக் கம்பியில் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். பெட்ரோல் தீர்ந்தபோது, கறை போக்க மருந்துக் கடையில் விற்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

இருட்டும் நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார்!

மேடு ஏறுவதற்காகக் கார்ல் இன்னொரு கியர் சேர்த்தார். ஜனங்களின் பயமும் மெல்லத் தெளிந்தது. 1899-ல் உலகிலேயே அதிகக் கார்கள் செய்த கம்பெனி பென்ஸ்தான்.

இன்றும் அதே பாடம்

வெயிலில் ஓடி நின்ற பழைய கார் மறுபடி கிளம்ப மறுப்பதுண்டு. சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி, ஓட்டம் தடைப்படுவதே பெரும்பாலும் காரணம். அம்பாசடர் ஓட்டிய நம்மவர்கள் சற்றுப் பொறுத்து, பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத் துணி போட்டுக் கிளப்பினார்கள். அதற்கும் கிளம்பாவிட்டால், பொறி வருகிறதா என்று பார்த்தார்கள்.

தண்ணீர், பெட்ரோல், பொறி. பெர்த்தா பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்ததும் இவற்றைத்தான்.

1944-ல், 95 வயது நிறைந்த இரண்டாம் நாள், அவர் காலமானார்.