கல்லுளி பிடித்த இஞ்சினீயர்

பெருந்தொழில் வல்லுநர் அனைவரும் கல்லூரி வாயிலாகவே தோன்றினர் என நம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஆசான் அருகிருந்து கைத்தொழில் பயில்வது, படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குரிய கடைவழி என்று இகழ்வாரும் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதை ஸ்காட்லாந்து நாட்டுத் தாமஸ் டெல்போர்டு என்பாரின் வரலாறு நன்கு விளக்கும்.

இவர் 1757-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ம் நாள், எஸ்க்டேல் என்னும் மலைநாட்டில் ஓர் ஆட்டிடையரின் மகனாய்ப் பிறந்தார். பிறந்த சில திங்களில் தந்தை இறந்தார். அன்னையார் வறுமையோடு போராடி வளர்த்தார். சிறுவர் ஆடு மேய்த்தும், அண்டையார்க்கு ஏவல் செய்தும், ஊர்ப்பள்ளியில் எண்ணும் எழுத்தும் கற்றார்.

14-ம் வயதளவில் ஒரு கற்றச்சரிடம் தொழில் பயில விடப்பட்டார். அவ்வாசான் கொடியவராயிருந்தமையின் சில திங்களில் வீடு திரும்பினார். அவ்வளவில் தொழிலையே வெறுத்திருப்பின் அவர் பெயரை உலகம் அறிந்திராது. மனந்தளராது, லாங்கம் என்னும் சிற்றூரில் வேறோர் ஆசானை அடைந்தார். அங்கே கல்லைச் செதுக்கவும், சுவரெழுப்பவும், கல்லறைகளில் எழுத்துப் பொறிக்கவும் பழகினார். அவ்வூர்ப் பாலத்தின் கற்களில் அவர்தம் உளியால் இட்ட அடையாளம் உண்டு. பகலெல்லாம் கல்லோடு உழைத்தவர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இரவல் நூல்களைப் பயின்றார்.

1780-ல் எடின்பரோ நகரிலும், 1782-ல் லண்டன் மாநகரில் ஸாமர்ஸெட் மாளிகைக் கட்டட வேலையிலும் கைவினைஞராய் அமர்ந்தார். பின்னர் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கட்டட வேலையை மேற்பார்த்தபோது, சுண்ணாம்பும் சாந்தும் இறுகும் இயல்பை இரசாயன நூல்களால் ஆராய்ந்தார். தம் அன்னையார் எளிதிற் படிக்கவேண்டி, கடிதங்களை அச்செழுத்துப்போலத் தனித்தனி எழுத்தாக வரைந்தனுப்புவார். உயர்ந்தபோதும் தம்மை உயர்த்தியோரை மறவாதவர் அவர்.

1787-ல் ஷ்ராப்ஷயர் நாட்டின் பொதுக் கட்டட மேற்பார்வையாளரானார். மறுவருடம், ஷ்ரூஸ்பரி நகரின் புனித சாட் ஆலயக் கூரை ஒழுகுவதைப் பார்வையிட அவரை அழைத்தனர். அவரோ கூரையை விட்டுச் சுவரை நோக்கினார். அருகே கல்லறைகள் தோண்டப்பட்டமையால் அடிப்படை தளர்ந்து, சுவர்கள் பிளந்திருக்கக் கண்டு, ஆலயம் விழும் என எச்சரித்தார். தமக்கு வேலை தேடிக்கொள்ளவே இங்ஙனம் கூறுகின்றார் என நிர்வாகிகள் நகைத்தனர். சின்னாட்களில் கோபுரம் இடிந்து வீழ்ந்தது. கல்லோடு பழகிய கண்ணுக்குப் புலனாயிற்று, கற்றறிந்தோர் காணாத குறை.

பின்னர் எல்ஸ்மியர் கால்வாய்க்கு இஞ்சினீயரானார். அக்கால்வாய் டீ ஆற்றைக் கடக்கும்பொருட்டு, 18 கற்றூண்களின்மீது இரும்புத் தொட்டி அமைத்து, 1,007 அடி நீளமும் ஏறக்குறைய 126 அடி உயரமும் உடைய நீர்ப்பாலத்தை 1805-ல் முடித்தார். கப்பல்கள் அடியிற் செல்லுமாறு, 579 அடி இடைவெளியுள்ள மெனை தொங்குபாலத்தை 1826-ல் நிறைவேற்றினார். இவ்விரண்டும் இன்றும் நிலைத்து நிற்கின்றன. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் அவர் அமைத்த சாலைகளும் பாலங்களும் மிகப்பல. அவ்வேலைகளை அவர் ஒரு தொழிற்கலாசாலையாகவே கருதினார். ஆண்டுதோறும் 800 பேர் தேர்ந்த தொழிலாளராய் அதனின்று வெளிப்பட்டனர் என்பது அவர் கணக்கு.

1818-ல் லண்டனில் தோன்றிய சிவில் இஞ்சினீயர் கழகத்தின் முதல் தலைவராய் 1820 முதல் இறுதிவரை வீற்றிருந்தார். 1834-ம் ஆண்டு செப்டம்பர் 2-ம் நாள் காலமானார். அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தம் உயிலில், பிறந்த நாட்டு நூல்நிலையங்களுக்கும் பொருள் வைத்தார். இரவல் நூலால் அறிவு பெற்றவர் அக்கடனைத் திருப்பிய முறை அது.

அன்பர்களே! அக்காலத்துப் பிரித்தானியாவில் பொறியியற் பட்டமளிக்கும் கல்லூரி இல்லை. இக்காலத்திலோ பல பதவிகட்குப் பட்டம் இன்றியமையாதது. ஆயினும், பட்டறையில் மூன்றாண்டு பயிலச் செல்லும் நம் குடும்பத்துப் பிள்ளையைத் தாழ்வாக நோக்காதீர். முதல் ஆசானிடம் வருந்தித் திரும்பினால் இரண்டாம் ஆசானைத் தேடிக் கொடுமின். மாலைப்பொழுதில் அவன் கையில் நல்ல நூலையும் கொடுமின். பட்டம் பெற்ற பிள்ளையும் சிலகாலம் தொழிலாளரோடு நின்று கருவி பிடிக்கப் பழகுவானாக. கையும் கல்வியும் சேர்ந்த இடத்தில் தொழில் சிறக்கும், குடும்பமும் தலைநிமிரும்.