சிமெண்டைப் பீச்சிய கார்ல் ஏக்லி

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிப் புல்லுக்கு அடித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சிமெண்டையும் அப்படிப் பீச்சி அடிக்கலாம் என்று காட்டியவரின் கதை இது. அவர் எஞ்சினியர் அல்லர். செத்த மிருகங்களைப் பாடம் செய்து பொருட்காட்சிசாலையில் நிறுத்துவது அவர் தொழில்!

கார்ல் ஏக்லி 1864-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கிளாரண்டன் என்ற ஊரில் பிறந்தார். பண்ணையில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷந்தான். (பரிசளிப்பு விழா மலரில் இதையா சொல்வது என்று கோபிக்காதீர்கள்!) 1885-ல் ரயில் மோதி இறந்த ஜம்போ என்ற சர்க்கஸ் யானையைப் பாடம் செய்தவர்களில் இவரும் ஒருவர். 1896-ல் சோமாலிலாந்தில், தம்மேல் பாய்ந்த காயம்பட்ட சிறுத்தையை வெறுங்கையாலேயே கொன்றார்.

சிகாகோவில் அவர் வேலை பார்த்த பொருட்காட்சிசாலை, 1893 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கட்டடத்தில் இருந்தது. அதன் வெளிப்பூச்சு உரிந்துகொண்டே வந்தது. அவ்வளவு பெரிய சுவரைக் கரண்டியால் பூசிக் கட்டுமா? 1907-ல் ஏக்லி வழி கண்டார். தண்ணீரை முதலிலேயே கலந்தால் குழாய்க்குள்ளேயே இறுகிப்போகும் அல்லவா? ஆகவே உலர்ந்த சிமெண்டையும் மணலையும் காற்றின் வேகத்தில் குழாய் வழியே தள்ளினார். தண்ணீர் குழாயின் முனையில்தான் வந்து சேரும். அடித்த வேகத்தில் கலவை சுவரில் அழுந்தி ஒட்டிக்கொண்டது. 1911-ல் காப்புரிமை கிடைத்தது.

சுவருக்கென்று வந்த சாமான் 1914-ல் பூமிக்கடியில் இறங்கியது. பென்சில்வேனியாவில், புரூஸ்டன் சோதனைச் சுரங்கத்தில் அடித்துப் பார்த்தார்கள். சுரங்கத் தொழிலாளிக்குப் பயமெல்லாம் தலைக்கு மேலேதான். வெடி வைத்ததும் கூரைப் பாறை விரிசல் விடும். ஒரு சின்னக் கல் நழுவினால், அது பிடித்திருந்த பெரிய கல்லும் பின்னாலேயே வரும்; கீழே நிற்பவன் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவன். மரத்தூண் நிறுத்தினாலும் தூணுக்கும் பாறைக்கும் நடுவே சந்து இருக்கும். பீச்சிய சிமெண்டோ விரிசலுக்குள் புகுந்து அந்தச் சின்னக் கல்லை அசையவிடாமல் பிடிக்கும். பலகை அடைக்க வேண்டாம்; சில மணி நேரத்தில் இறுகும். கம்பி வலையும், பாறைக்குள் இறக்கிய இரும்புக் கம்பியும் சேர்ந்தால் பாறையே பாறையைத் தாங்கும். ஆஸ்திரிய எஞ்சினியர் ராப்செவிட்ஸ் 1964-ல் இதைத் தனி முறையாகவே எழுதி வெளியிட்டார்.

குறையும் உண்டு. தண்ணீர் ஊறி ஒழுகும் பாறையில் ஒட்டாது. அடிப்பதில் ஒரு பங்கு தெறித்துக் கீழே விழும். தூசியோ சொல்லி மாளாது. மருந்து அடிப்பவர்களுக்கு அந்தச் சங்கடம் சொல்லாமலே புரியும்.

ஏக்லி இவ்வளவையும் பார்க்க உயிரோடு இல்லை. கொரில்லாவைச் சுடப் போனவர், மனம் மாறி அவற்றைக் காக்கப் பாடுபட்டார். 1925-ல் பெல்ஜியக் கொங்கோவில் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உண்டானது. 1926 நவம்பர் 17-ஆம் தேதி, அங்கே மிக்கெனோ மலைச் சரிவில் நோயுற்று இறந்தார். அங்கேயே புதைத்தார்கள்.

நம் நாட்டில், பகாங்கிலிருந்து சிலாங்கூருக்குத் தண்ணீர் கொண்டுபோக 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தை 2014-ல் தோண்டி முடித்தார்கள். சில இடங்களில் தலைக்குமேல் 1,200 மீட்டர் மலை! பெரும்பகுதியை இயந்திரம் குடைந்தது. வெடி வைத்துக் குடைந்த பகுதிகளில் கூரையைப் பிடித்து நிறுத்தியதில் பீச்சிய சிமெண்டுக்கும் பங்கு உண்டு. இனி நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது, வெட்டிய மலைச்சரிவு எங்காவது சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று தெரிந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதுவும் ஏக்லியின் குழாய் வழி வந்ததுதான்.